உள்ளங்கைக் குழிகள்

ஊசியில் ஏறி வந்தது ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. கெட்டியான வெள்ளைக் கூழ். பல் டாக்டர் கரியமாணிக்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடி கிடந்த லூசியேனின் தாடையைப் பெருவிரலால் அழுத்தினார். உள்ளே எலும்பு அப்பளம்போல் நொறுங்கும் சத்தம் பக்கத்தில் நின்ற ஒடெட்டுக்கும் கேட்டது. பதிமூன்று வயது மகளின் முகத்திலிருந்து வந்த சத்தம் அது.

"போன வருஷந்தான ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க, தொக்தர்? இனிமே வராதுன்னாங்களே."

"இது கட்டி இல்ல மதாம், எலும்புக்குள்ள ஒரு பை. அதோட தோல் துளி தங்கினாலும் மறுபடி வளரும். அதுவும் இந்த ரகம் மடமடன்னு வளரும். முழுசா சுரண்டி எடுத்து, அந்த எடத்த மருந்து வச்சு சுட்டுடறேன். தாடைய வெட்ட வேண்டியதில்ல."

ஒடெட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே கத்தினா வீதியில் ராணுவ லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

ஈரம் காயாத எக்ஸ்ரே படத்தை டாக்டர் தூக்கிப் பிடித்தார். வீங்கிய பக்கத்தில் பெரிய கறுப்புப் பள்ளம். வீங்காத பக்கத்திலும் இரண்டு. அதற்குப் பிறகு அவர் லூசியேனின் வாயைப் பார்க்கவில்லை. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவள் கைகளை அதில் ஊற வைத்தார். பல்லுக்கு வந்த இடத்தில் கைரேகை பார்க்கிறாரே மனுஷர் என்று ஒடெட் நினைத்துக்கொண்டாள். கைகள் வெளியே வந்தபோது உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் சிவந்து தெரிந்தன.

"ஊசிக் குத்து தொக்தர்," என்று ஒடெட் சிரித்தாள். "நான் தையக்காரி. பொத்தான் வைக்கிறதெல்லாம் இவதான். என் கையும் இப்படித்தான், பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கைகளையும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துப் பார்த்தார்.

"எடது கையில குத்தலாம், சரி. ஊசி பிடிக்கிற வலது கையில எப்படி மதாம் குத்தும்?"

ஒடெட் தன் வலது கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தக் கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை.

"இந்தக் குழி பொறக்கும்போதே கூட வர்றது, தாய்கிட்டருந்து பிள்ளைக்கு. இப்படிக் கை உள்ளவங்க தாடையிலதான் இந்தப் பை ஒண்ணு போனா ஒண்ணு முளைக்கும். உங்களுக்கும் ஒரு படம் எடுக்கணும். வீட்ல வேற பிள்ளைங்க இருக்கா?"

தன் தாடையைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் எழவில்லை. சின்னவள் பொலேத்துக்கு ஆறு வயது. ஊசிப் பெட்டியைத் தொடவே விட்டதில்லை அந்தக் குழந்தையை.

வீடு திரும்பியதும் ஒடெட் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சி, விளாவி, பொலேத்தைக் கூப்பிட்டாள். ஏதோ விளையாட்டு என்று அவள் ஓடி வந்து இரண்டு கைகளையும் முங்கவிட்டாள். உள்ளே விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கைய விரி கண்ணு."

"மீன் புடிச்சிருக்கேன் மம்மா. விரிச்சா ஓடிரும்."

பிரித்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஒடெட்டின் கை கிண்ணத்து விளிம்பை விட்டு நகரவில்லை. குழந்தை தண்ணீருக்குள் முஷ்டியை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.