பழைய வீரர்களைப் பேணிக் காக்க

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் ‘பொம்மைக்காரர்’. பால் போடுகிறவர் தொடங்கி மாடி வீட்டு வாண்டு வரை எல்லாருக்கும் அப்படித்தான். “பொம்மைக்காரர் வீட்டுல லைட் எரியுது, ஆள் உள்ளதான் இருக்கார்” என்று வாசலிலேயே நின்று பேசுவார்கள். கதவைத் திறந்து அவர்களை நாலு கேள்வி கேட்கலாம் என்று எனக்கு நாக்கு துடிக்கும். நான் சேர்ப்பது பொம்மை இல்லை, ஐயா. பொம்மை என்றால் சாவி கொடுத்தால் ஆடும், வயிற்றை அமுக்கினால் கத்தும். என்னிடம் இருப்பவர்கள் ஈயத்தில் வார்த்த போர்வீரர்கள். விரல் உயரம்தான். ஆனால் ஒவ்வொருவனுக்கும் சட்டைப் பொத்தான் என்ன நிறம், வாள் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று முறை இருக்கிறது.

சொல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். எங்கேயாவது ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மனைவி உயிரோடு இருந்தவரை மளிகைச் சீட்டைக்கூட என் கண்ணில் காட்ட மாட்டாள். “உடனே சிவப்புப் பேனாவைத் தூக்கிடுவீங்க, எனக்கு அரிசி வந்த மாதிரிதான்” என்பாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் எங்கள் படைவீரர் மன்றம் கூடும். நூலகத்தின் மாடி அறை. ஒரு நீள மேசை. ஒன்றுக்கும் நாலு காலும் சமமாக இல்லாத நாற்காலிகள். ஒரு காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்த ஒருவர் வருவார், அவரைப் ‘பீரங்கி’ என்போம். அவர் பேசினால் மேசை மேல் குதிரைப்படை ஆட்டம் காணும். அவர் போய்ச் சேர்ந்ததும் மகன்காரன் அந்தப் படை முழுவதையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். “ஈயம்தானே” என்றானாம். மற்றவர்களும் ஒவ்வொருவராக, மூட்டு வலி, கண் மங்கல், மகள் வீடு என்று நின்றுபோனார்கள். கடைசியில் மிஞ்சியது பல் டாக்டர் ஒருவரும் நானும்.

சின்ன வயதுக்காரர்கள் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒருமுறை வந்தார்கள். டப்பாவைத் திறந்தால் பறவைத் தலையும் பூதத்தின் உடம்பும் கொண்ட உருவங்கள், ஊதா நிறக் கவசம். அதை வைத்து ஏதோ சண்டை விளையாட்டு ஆடுவார்களாம். நன்றாகத்தான் வண்ணம் தீட்டியிருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. “இது எந்தப் படைப்பிரிவு? எந்தப் போர்?” என்று கேட்டேன். “கற்பனைதான் சார்” என்றார்கள். “கற்பனைக்கு இங்க மேசை கிடையாது” என்றேன். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பல் டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார்.

“யோவ், கிடைச்ச ரெண்டு பேரையும் வெரட்டிட்டியே! உன்னையும் என்னையும் வெச்சுக்கிட்டு என்ன மன்றம் நடத்தறது? தாயம் ஆடலாம்.”

போன மாதம் நூலகர் மாடிக்கு வந்தார். என் மகளைவிடச் சிறியவர், மரியாதை தெரிந்தவர். அதனால்தான் சண்டை போட முடியவில்லை.

“சார், ரெண்டு பேருக்கு ஒரு ரூம் குடுக்கறது கஷ்டமா இருக்கு. கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கேக்கறாங்க. அடுத்த கூட்டத்துக்கு ஒரு புது ஆளாவது வந்துட்டா நான் மேல பேசிப் பாக்கறேன். இல்லன்னா என் கையில எதுவும் இல்ல.”

அறை போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமே என்பீர்கள். எனக்கு வேறு எங்கே போக இருக்கிறது? மகள் தொலைவில் இருக்கிறாள். போனில் “சாப்டீங்களாப்பா” என்பாள், “சாப்ட்டேம்மா” என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். மற்ற நாட்களில் என் குரல் எனக்கே மறந்துபோகும். அந்த ஞாயிற்றுக்காகத்தான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன்.

ஆகவே நூலகத்து வாசல் பலகையில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதினோம். எழுதியது நான்.

“பொம்மைன்னு ஒரு வார்த்தை போடுய்யா. பாக்கறவனுக்குப் புரியணும்ல?” என்றார் பல் டாக்டர்.

“அந்த வார்த்தை இருந்தா அந்தத் தாள்ல என் கை படாது.”

“சரி, வண்ணம் தீட்டறதுன்னாவது போடு.”

“சுவருக்கு வெள்ளையடிக்கிற கும்பல்னு நெனச்சுக்குவாங்க.”

“உன்னோட மாரடிக்க என்னால ஆகாது சாமி. என்னமோ எழுது.”

எழுதினேன். ‘பழைய போர்வீரர்களைப் பேணிக் காக்க ஆர்வமுள்ள இளைஞர்கள் தேவை. அனுபவம் அவசியமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, நூலக மாடி அறைக்கு நேரில் வரவும்.’ திரும்பத் திரும்பப் படித்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. சீக்கிரமே போய் மேசையைத் துடைத்து, குதிரைப்படையை முன்னாலும் காலாட்படையைப் பின்னாலும் அணிவகுக்க வைத்தேன். முரசடிப்பவனைத் தனியாக ஓரத்தில் நிறுத்தினேன். அவன்தான் எங்கள் எல்லாரிலும் மூத்தவன். பல் டாக்டரைக் காணோம் என்று பார்த்தால் போன் வந்தது.

“யோவ், கோபப்படாதே. மகன் வந்திருக்கான். என்னைக் கூட்டிட்டுப் போறான்.”

“சரி, போயிட்டு அடுத்த மாசம் வா.”

“வீட்டை வித்துட்டாங்கய்யா. இனிமே மகன் வீட்லதான். உன்கிட்ட நேர்ல சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

“அதான் போன்ல சொல்லிட்டியே, வை” என்று சொல்லிவிட்டேன். அவருக்காக இழுத்துப் போட்டிருந்த நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளினேன். இனி இந்த மன்றம் என்றால் நான் ஒருத்தன்தான்.

அப்போது படியில் காலடிச் சத்தம். ஒரு பெண் மூச்சு வாங்க மேலே வந்தாள். இருபதைத் தாண்டியிருப்பாள். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள்.

“போர்டுல பாத்தேன் சார். வீரர்களைப் பாத்துக்க ஆள் வேணும்னு இருந்துது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டேன்.

“உக்காரும்மா, உக்காரு. அனுபவம் உண்டா?”

“ரெண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன் சார். இங்க மொத்தம் எத்தனை பேர்?”

“என்கிட்ட மட்டும் ஐந்நூறுக்கு மேல இருப்பாங்க.”

அவள் கண் விரிந்தது. “ஒரே இடத்துலயா? எல்லாரும் படுக்கையிலயா சார்?”

“சேச்சே. படுக்க வெச்சா தேய்ஞ்சு போயிடுவாங்க. நின்னபடியேதான். சில பேருக்குக் கால் இல்ல, அவங்களைச் சாய்ச்சு வெச்சிருக்கேன்.”

“அய்யோ பாவம். கால் இல்லாதவங்களை நிக்க வெச்சா எப்படி சார்?”

“ஒட்டிடலாம்மா. பசை இருக்கு.”

அவள் உறையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு புது ஆள் கிடைத்த மிதப்பில் நான் எங்கேயோ இருந்தேன்.

“தினமும் குளிப்பாட்டணுமா சார்?”

“தண்ணியே ஆகாதும்மா! பட்டா உடம்பெல்லாம் வெள்ளையாப் பூத்துடும். தூரிகையால தூசி தட்டினாப் போதும். இதோ, எல்லார்லயும் மூத்தவர் இவர்தான். நூறு வயசு தாண்டியாச்சு” என்று முரசடிப்பவனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அவனைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இது பொம்மை சார்.”

“பொம்மை இல்ல!”

“நான் நர்ஸிங் உதவியாளர் சார். வீட்டோட இருந்து வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. போன வாரம்தான் நான் பாத்துட்டிருந்த பாட்டி தவறிட்டாங்க. வேலை இல்ல. ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க இல்லம்னு நெனச்சு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.”

“எழுதினதை ஒழுங்காப் படிக்கத் தெரியாதா உனக்கு?” என்று எகிறினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அன்றைக்கு அது அவள் மேல் பாய்ந்தது.

அவள் போனில் எடுத்து வைத்திருந்த அறிவிப்பின் படத்தைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். “பழைய போர்வீரர்களைப் பேணிக் காக்க ஆர்வமுள்ள இளைஞர்கள் தேவை.” படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். “நான் எதைத் தப்பாப் படிச்சேன் சார்?”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை புத்தகம் திருத்தியவன் நான்! கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேனே தவிர, தெருவில் போகிறவர் எப்படிப் படிப்பார் என்று பார்க்கவில்லை.

“பொம்மைன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நான் பாட்டுக்கு வேற வேலை தேடிப் போயிருப்பேன்ல” என்றாள். கோபமாக இல்லை, அலுப்பாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து நூலகர் உள்ளே வந்தார். அந்தப் பெண்ணைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “அட, புது மெம்பரா? பரவாயில்லையே சார்! நீங்க கெட்டிக்காரர்தான்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு தாயே என்று கெஞ்சாத குறைதான். அவளுக்கும் அது புரிந்தது. தலை குனிந்துகொண்டாள்.

“இல்லங்க மேடம். நான் வயசானவங்களைப் பாத்துக்கற வேலை கேட்டு வந்தேன்.”

நூலகர் என் பக்கம் திரும்பினார். என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். “ஓ” என்றார். அப்புறம் மெதுவாக, “நல்லதுதான் சார். நீங்க தனியாதானே இருக்கீங்க. நானே சொல்லணும்னு நெனச்சேன்” என்றார். எனக்குத்தான் ஆள் பார்க்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. “ரூம் விஷயம்... மன்னிச்சுக்கங்க சார்” என்றபடி கீழே போனார்.

அவ்வளவுதான். நான் பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவராக மென்தாளில் சுற்ற ஆரம்பித்தேன். கை ஆடியது. அந்தப் பெண் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து தானும் சுற்றினாள். அவளுக்கு அவற்றின் மேல் ஆசை ஒன்றும் இல்லை; கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டே சுற்றினாள்.

“இந்த நடுக்கம் எப்போ இருந்து சார்?”

“குளிர்.”

“குளிரவே இல்லையே சார். மாத்திரை சாப்பிடறீங்களா?”

“ஞாபகம் வந்தா.”

“சட்டைப் பொத்தான் மாறியிருக்கு.”

குனிந்து பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டைதான். வீட்டிலிருந்து நூலகம் வரை அப்படியே வந்திருக்கிறேன். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது.

படி இறங்கும்போது பெட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். “பாத்துப் புடிம்மா, பொம்மை... உடைஞ்சிடும்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் கவனிக்கவில்லை; அவள் கண் என் காலடியில் இருந்தது.

கீழே வாசல் பலகையில் என் அறிவிப்பு தொங்கியது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் இரும்மா. இதுல பிழை இருக்கு.”

‘போர்வீரர்களைப்’ என்பதை அடித்தேன். மேலே ‘பொம்மைக்காரரைப்’ என்று எழுதினேன். பன்மை ஒருமை ஆயிற்று. ‘இளைஞர்கள்’ என்பதையும் அடித்து ‘ஒருவர்’ என்று போட்டேன். ‘நூலக மாடி அறைக்கு’ இருந்த இடத்தில் என் வீட்டு முகவரியை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஊசிகளைப் பிடுங்கி, தாளை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாசித்தாள். சிரிக்கவில்லை. தன் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் கேட்டாள்.

“முதல் ஞாயிறுன்னு இருக்கே சார். அதை மட்டும் திருத்தல.”

“அன்னைக்குத்தான்ம்மா. இனிமே அன்னைக்கு எனக்குப் போக இடம் இல்ல.”

“மத்த நாள்ல?”

பேனாவை மூடப் பார்த்தேன். மூடி பேனாவில் சேரவில்லை. அவளே வாங்கி மூடித் தந்தாள்.

“மத்த நாள்லயும் இல்லம்மா” என்றேன்.