பெட்டி மேல் ஏறிப் பாடியவர்

குரல் தேர்வுப் பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன. பதினைந்தாவது வரியில் என் அத்தையின் பெயரைப் பென்சிலால் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்துபோனது.

தொலைக்காட்சி நிலையத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தேர்வுக்கு வருகிறவர்களுக்கு எண் கொடுப்பது, கடிகாரம் பிடிப்பது, யார் எந்த இடத்தில் தடுமாறினார் என்று குறித்து வைப்பது என் வேலை. மாலையில் போகும் எழுத்து வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து இந்தக் குறிப்புகள் கொஞ்சம் நீண்டுவிட்டன. சரியாக எழுதுகிறேனா என்பது வேறு விஷயம்.

நாங்கள் நேரலையாக ஒளிபரப்பப் போவது, நகர அரங்கத்தில் பதினொரு வருடமாக ஓடும் ஓர் இசை நாடகம். கதை சின்னது. கலங்கரை விளக்கத்தைக் காக்கும், தலை நரைத்த ஒரு பெண். புயல் இரவில் விளக்கு அணைந்துவிடுகிறது. கணவனின் படகு கடலில் இருக்கிறது. அவள் பாடிக்கொண்டே முப்பத்திரண்டு படிகள் ஓடி ஏறி விளக்கை ஏற்றுகிறாள்.

அரங்கத்தில் அந்தப் பாட்டை நடிகை பாடுவதில்லை. வாயசைப்பார். குரல் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வரும். பதினொரு வருடமாக அது என் அத்தையின் குரல். அப்பாவின் தங்கை. பகலில் அதே அரங்கத்தில் உடை தைப்பார், மாலையில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். நின்று என்று எழுதியது தவறு. காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். மேடையில் நடிகை ஒரு படி ஏறும்போதெல்லாம் அத்தை பெட்டி மேல் ஏறி இறங்குவார். முப்பத்திரண்டு முறை. பள்ளி விடுமுறைகளில் கூடவே போய் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

“ஏன் அத்தை, சும்மா நின்னு பாடினா என்ன?”

“நின்னு பாடினா அது வெறும் பாட்டு. அவ ஏறுறாள்ல? அவளுக்கு எங்க மூச்சு வாங்குதோ, அங்கதான் எனக்கும் வாங்கணும்.”

திரைக்கு முன்னால் இருந்த யாருக்கும் இது தெரியாது.

மேடையில் நடித்தவர் ஏழு மாதக் கர்ப்பிணி, படியேற முடியாது. அதனால்தான் புதிதாக ஆள் தேடினோம். முதல் கூட்டத்திலேயே இயக்குநர் மேடம் மேசையைத் தட்டிச் சொன்னார். “பின்னால இருந்து யாரும் பாடப் போறதில்ல. ஒரே கேமரா, முதல் படியிலேருந்து கடைசிப் படி வரைக்கும் முகத்து மேலேயே இருக்கும். யார் ஏறுறாங்களோ அவங்கதான் பாடணும்.”

வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சரி. அப்ப புதுசா வர்றவளோட மழைக்கோட்டுக்கு அளவெடுக்க மட்டும் கூப்பிடு.”

அந்த ‘மட்டும்’ என்னைத் தூங்க விடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தையும் பாடிக் காட்டலாம். ஆனால் சொந்தக்காரியைத் திணிக்கிறாள் என்பார்களே? அத்தை தடுமாறிவிட்டால்? அப்படித்தான் பென்சிலும் அழிப்பானுமாக அந்த வாரம் போனது.

தேர்வு நாளில் பதினான்கு பேரும் பியானோ பக்கத்தில் நின்று நன்றாகவே பாடினார்கள். ஏழாம் எண்காரர் தொடர் நாயகி. மதிய நேரத்தில் பாதி ஊரை அழவைக்கிறவர். அவர் பாடி முடித்ததும் நிலையத்தின் விற்பனை அதிகாரி கைதட்டினார். அந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரேட்டிங்’.

“முடிஞ்சுது மேடம். இவங்கதான். தலைக்கு நரை விக் வச்சுட்டா சரியாப் போச்சு.”

மேடம் பேனாவை எடுத்தார். என் வாய் தானாகத் திறந்தது.

“மேடம், எல்லாரையும் நிக்க வச்சே பாடச் சொன்னோம்.”

“அதுக்கு?”

“ஏறணுமே.”

வேலை போயிற்று என்று நினைத்தேன். மேடம் சிரித்துவிட்டார். “அடிப்பாவி! இத்தனை பெரிய மண்டைங்க உக்காந்திருக்கோம், ஒருத்தருக்கும் தோணல பாரு.”

கட்டடத்தின் அவசரப் படிக்கட்டுக்குப் போனோம். இரண்டு தளத்துக்கும் சேர்த்து முப்பத்திரண்டு படி. முதல் நாளே எண்ணி வைத்திருந்தேன். ஒரு முறை முப்பத்து மூன்று வந்ததால் இன்னும் இரண்டு முறை எண்ணினேன்.

மூன்றாம் எண் பதினோராவது படியில் நின்றார். பன்னிரண்டாம் எண் பதினாறு வரை போனார். மற்றவர்களும் அதைத் தாண்டவில்லை. கடைசியாக ஏறிய தொடர் நாயகி பத்தொன்பதாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இது பாட்டா, இல்ல தண்டனையா?”

எல்லோரும் சிரித்தோம், ரேட்டிங்கைத் தவிர. “பழையபடி பின்னால இருந்து குரல் குடுத்துடலாம் மேடம். ஜனங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

மேடம் மேல் தளத்தை அண்ணாந்து பார்த்தார். யோசித்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் அத்தை மறுபடி பெட்டிக்குப் போவார். அளவெடுக்க வந்திருந்த அத்தை படிக்கட்டின் கீழே, கழுத்தில் அளவு நாடாவுடன், யாருக்குக் கோட்டு என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்.

“மேடம், பதினஞ்சாவதா ஒருத்தர் இருக்காங்க.”

“பட்டியல்ல இல்லையே?”

“இருந்தாங்க. நான்தான் அழிச்சேன்.”

“ஏன்?”

“அவங்க எங்க அத்தை.”

“அத்தையோ சொத்தையோ, ஏறிப் பாடினா போதும். எங்க அவங்க?”

நான் கீழே காட்டினேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

“என்னடி இது, அளவெடுக்க வந்தவள வித்தை காட்டச் சொல்ற?”

“பெட்டி நினைப்புலயே ஏறுங்க அத்தை. இறங்க வேண்டிய வேலைகூட இல்ல.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாடாவைக் கழற்ற மறந்துவிட்டார். ஏறத் தொடங்கினார்.

முதல் எட்டுப் படிகளில் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பதின்மூன்றில் மூச்சு வந்து பாட்டுக்குள் கலந்தது. கணவனைக் கூப்பிடும் வரியில் குரல் உடைந்தது, உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது. பத்தொன்பதில் உட்கார்ந்திருந்த தொடர் நாயகி சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார், பிறகு எழுந்து பின்னாலேயே ஏறினார். கடைசிச் சுரம் மேல் தளத்திலிருந்து படிக்கட்டு முழுவதும் இறங்கி வந்தது. நான் கடிகாரத்தை நிறுத்த மறந்துபோனேன். என் குறிப்பில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

“முகம் யாருக்கும் தெரியாதே மேடம்,” என்றார் ரேட்டிங்.

“குரல் பதினோரு வருஷமாத் தெரியும். முகத்த ஒளிபரப்பு அன்னைக்குத் தெரிஞ்சுக்கட்டும்.”

மேலிருந்து தொடர் நாயகி எட்டிப் பார்த்தார். “இவங்க ஏறினதப் பார்த்த பிறகு நான் விக் வச்சுக்கிட்டு நின்னா ஊர் சிரிக்கும் சார். எனக்கு அந்தப் பொண்ணோட தங்கச்சியா வர்ற வேஷம் குடுங்க, போதும்.”

“விக் செலவும் மிச்சம்,” என்றார் அத்தை, மூச்சு வாங்கியபடி. “நரை நம்மகிட்ட சொந்தமாவே இருக்கு.”

அன்று அந்த மெலிந்த இடத்தில் பேனாவால் எழுதினேன். மை ஊறித் தாளின் பின்பக்கம் வரை போனது.

நடிப்பில் மேடத்துக்கு இருந்த சந்தேகம் இரண்டு நாளில் தீர்ந்தது. அத்தைக்குத் தன் வசனம் மட்டுமல்ல, எல்லோருடைய வசனமும் மனப்பாடம். ஒரே ஒரு குறைதான். விளக்கு எரிந்ததும் கேமரா பத்து வினாடி அவர் முகத்தில் நிற்க வேண்டும். அத்தையோ பாட்டு முடிந்த மறு நொடி இருட்டுப் பக்கமாக இறங்கிவிடுவார். பதினொரு வருடமாக அவர் வேலை அங்கே முடிந்தது. காலுக்கு அதுதான் தெரியும். ஒத்திகையில் ஐந்து முறையும் இறங்கினார்.

“பத்து எண்ணுங்க அத்தை. அதுவரைக்கும் நில்லுங்க.”

“நிக்கிறேன்டி. கால் கேக்க மாட்டேங்குது.”

ஒளிபரப்பு மாலை ஏழு மணிக்கு. நான் கட்டுப்பாட்டு அறையில், மேடத்துக்குப் பக்கத்தில். அத்தை ஏறினார். திரையில் அவர் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. முப்பத்திரண்டாவது படி. கடைசிச் சுரம். விளக்கு எரிந்தது. அவர் வலது கால் இருட்டுப் பக்கம் நகர்ந்தது.

கால் நின்றது. திரும்பி வந்தது.

நான் சத்தமாக எண்ணினேன். நான்கில் அரங்கம் எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. ஏழில் அத்தை கண்களை நிமிர்த்தி வெளிச்சத்துக்குள் நேராகப் பார்த்தார். பத்து வந்ததும் மேடத்தின் கை அடுத்த காட்சிக்குப் பொத்தான் மேல் போனது.

“மாத்தாதீங்க மேடம்!” பின்னாலிருந்து கத்தியவர் ரேட்டிங்.

பதினான்கில்தான் காட்சி மாறியது.

எல்லாம் முடிந்து ஒப்பனை அறைக்கு ஓடினேன். பூங்கொத்துகளுக்கு நடுவில் அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எத்தனை எண்ணினே?”

“பதினாலு.”

“பத்துன்னுதானே சொன்னே?”

“நீங்கதான் இறங்கல அத்தை.”

ஒரு செருப்பு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை சிரித்தார்.

“இறங்க மனசு வரலடி.”