பசிக்குக் கால் முளைத்தால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார், கூட நாலு சேர்த்துச் சொல்வார். நான் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கொக்கியை விட்டுப் பற்காரையைச் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் எனக்குச் சுரண்டல் வேலை காத்திருந்தது.

எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், கொஞ்சம் நத்தைகள். ஆனால் என் உயிர் இருப்பது அதிலுள்ள ஆரஞ்சுப் பவளத்தில். ஏழு வருஷத்துக்கு முன்னால் நகத்தளவு ஒற்றைத் தலையாக, அதாவது பூப்போல் விரிகிற ஒரே ஒரு உயிராக, வாங்கி வந்தேன். அது ஒரு சின்னப் பாறை மேல் பன்னிரண்டு தலையாகப் பெருகியிருந்தது. பிறகு அந்தப் பாறை முழுக்கப் பச்சையாக முடிப்பாசி பிடித்தது. பாசி மூடிய மூன்று தலைகள் செத்து வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டன, மிச்சம் ஒன்பது. இந்தப் பவளம் போய்விட்டால் தொட்டியையே யாருக்காவது கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். தோற்றுப்போன இடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு சோறு தின்ன என்னால் ஆகாது.

பழைய பல்துலக்கியால் தேய்த்தேன், நாலே நாளில் மறுபடி முளைத்தது. டெஸ்ட் கிட் வைத்துத் தண்ணீரைச் சோதித்தால் பாசிக்குத் தீனியாகும் சத்து சுத்தமாக இல்லை என்று காட்டியது. நானும் அதை நம்பித் தொலைத்தேன். வருகிற சத்தையெல்லாம் பாசியே உடனுக்குடன் தின்றுவிட்டால் தண்ணீரில் என்ன மிஞ்சும்? "தேய்ச்சா மட்டும் பத்தாது, நடுநடுவுல திங்கிறதை நிறுத்துங்க" என்று நாளைக்கு இருபது பேருக்கு உபதேசம் செய்கிறவள் நான். அது என் வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பாறைக்குப் பின்னால் கொக்கியை விட்டுச் சுரண்டினேன். வெள்ளையாக ஏதோ வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவித்த முட்டைத் துண்டு!

"அண்ணி!" என்று கத்தினேன். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில் பத்தொன்பது வருஷம் மெஸ் நடத்தியவர். கட்டடத்தை விற்றுவிட்டார்கள், மெஸ்ஸை மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஒரு பெரிய கரண்டியுமாக எங்களோடு இருக்க வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாசி வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

"இது என்ன?" என்றேன், நோயாளியின் பல்லிடுக்கில் எடுத்ததைக் காட்டுகிற அதே குரலில்.

"முட்டை. மஞ்சக்கரு செரிக்காதேன்னு வெள்ளைக்கருவை மட்டும்தான் போட்டேன்."

"எத்தனை வேளை?"

"மூணு வேளைதாம்மா. நடுவுல பசிச்சா கொஞ்சம் பிஸ்கட் தூள். வாயைத் திறந்து திறந்து கேக்குதுங்க, பார்த்துட்டுச் சும்மா போக முடியுமா?"

"மீனு எப்பவும்தான் கேக்கும்! ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை அதுங்களுக்குப் போதும். நீங்க போட்டதெல்லாம் அழுகிப் பாசிக்குத்தான் போயிருக்கு. நீங்க பாட்டுக்கு அள்ளிப் போட இது என்ன உங்க மெஸ்ஸா?"

அண்ணியின் முகம் சட்டென்று வாடிப்போனது. நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பசிக்கு ஒரு கால் போட்டா பாசிதானே அக்கா? எழுதிப் பாரேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எது கேட்டாலும் "ம்" மட்டும்தான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வறட்டுக் கௌரவம். மீன் தீனியைக் குறைத்தேன், விளக்கு எரிகிற நேரத்தைப் பாதியாக்கினேன், இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். ஏற்கெனவே வளர்ந்த பாசியோ அசைந்து கொடுக்கவில்லை. அதைக் கையால் இழை இழையாகப் பிடுங்க வேண்டும். காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவளுக்கு அதற்கு ஏது நேரம்? இன்னும் இரண்டு தலைகள் போயின. மிச்சம் ஏழு.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, இருட்டிய பிறகு வந்து கதவைத் திறந்தேன். தொட்டியில் பாறை இல்லை. சமையலறைக்கு ஓடினால், மேஜை மேல் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் என் பவளம், முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணி. பக்கத்துத் தட்டில் பிடுங்கிய பாசி குவிந்து கிடந்தது.

"ஐயோ, குழாய்த் தண்ணியா?" என்று அலறினேன். நல்ல தண்ணீர் பட்டால் பவளம் செத்தே போகும்.

"ஏன் இப்படிக் கத்துறே? உப்புத் தண்ணியில வாழுறதை நல்ல தண்ணியில போடுவேனா? தொட்டித் தண்ணியத்தான் மொண்டு வச்சிருக்கேன். நாக்குல தொட்டுக்கூடப் பார்த்தேன், கரிக்குது." தலை நிமிரவில்லை. கீரை ஆய்வது போல இரண்டு விரலால் பாசியை அடியோடு கிள்ளி, ஆரஞ்சுச் சதை பக்கம் நகம் படாமல் ஒதுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். "உள்ளயே பிடுங்கினா துண்டு துண்டா மிதந்து, போய் ஒட்டுற இடத்துலயெல்லாம் முளைக்கும். அதான் வெளியே எடுத்தேன். இருநூறு பேருக்குக் கீரை ஆஞ்சவளுக்கு இது ஒரு வேலையா?"

நான் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணி, அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு."

"சொன்ன விஷயம் சரிதான். சொன்ன விதம்தான் சுருக்குன்னுச்சு." இன்னொரு இழையைக் கிள்ளித் தட்டில் போட்டார். "மணி பன்னெண்டு ஆனா என் கை பரபரங்குது. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க. அந்த மூணு மீனுதான் கண்ணாடிகிட்ட வந்து நிக்கும். எனக்குப் பந்தி வந்து உக்கார்ந்த மாதிரி இருக்கும்."

மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மத்தியானத்தில் இவர் என்ன செய்கிறார் என்று நான் ஒரு நாள் கேட்டதில்லை. நானும் பாசியைக் கிள்ள ஆரம்பித்தேன். "நகத்தை வெட்டிட்டு வா" என்று விரட்டினார். போய் வெட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து வாரம் மூன்று மத்தியானம் அண்ணி பாசி ஆய்ந்தார். தீனி டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். உப்பு ஸ்பூனில் தலைதட்டி ஒரு அளவு, அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு சிட்டிகை கூடப் போடப் போய்ச் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "மீனு பசிக்குதுன்னு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்று அண்ணி கேட்டபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனேன். பாசி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் முன்னைப்போல் முளைக்கவில்லை, முளைத்ததையும் நத்தைகளே பார்த்துக்கொண்டன.

ஆறாவது வாரம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "சீக்கிரம் வாம்மா!" என்று அண்ணி கூப்பிட்டார். ஏழு தலைகளும் உப்பி, ஓரத்தில் மெல்லிய விரல்களை நீட்டிக்கொண்டிருந்தன. செத்துப்போன ஒன்றின் விளிம்பில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி ஒன்று. புதுத் தலை.

"எட்டு," என்றார் அண்ணி. "ஏன் இப்படிக் கையை நீட்டிக்கிட்டு நிக்குது?"

"பசிக்குது அண்ணி. பவளத்துக்கும் சாப்பாடு உண்டு." தீனியைக் கரைத்துச் சொட்டுக் குழாயில் எடுத்து அவர் கையில் வைத்தேன். "மெஸ் திறந்தாச்சு. நீங்களே போடுங்க."

அண்ணி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் இருநூறு தட்டில் யாரையும் கேட்காமல் அள்ளிப் போட்ட கை அது.

"எவ்வளவும்மா போடணும்?" என்று கேட்டார்.