இவருக்குப் பதில் இவர்

சீரியலில் செத்தவர்களுக்குப் போட்டோ மாட்டும் வழக்கம் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் ஆளையே சட்டத்துக்குள் உட்காரவைத்து, மாலை போட்டு, சுவரில் மாட்டிவிடுகிறார்கள். போட்டோவுக்கு என்ன தெரியும்? வீட்டில் யாராவது முக்கியமான கேள்வி கேட்டால், சரியான நேரத்தில் மாலையிலிருந்து ஒரு பூ விழ வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். போட்டோ இருந்த காலத்தில் ஒரே ஒரு பூவுக்காக மூன்று நாள் கேமராவோடு காத்துக்கிடந்த கம்பெனிகள் உண்டு.

பூ விழவைப்பதில் சற்குணத்தை மிஞ்ச ஆளில்லை. பதினான்கு தொடர்களில் செத்தவன் அவன். மற்றபடி அவன் 'காதுகுத்து' என்கிற பங்க் இசைக்குழுவின் பாடகன். பாடகன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்துகிறவன். மேடையில் கத்துகிற அதே கத்தலை வாய் திறக்காமல், கண் இமைக்காமல், நெஞ்சுக்குள்ளேயே கத்தினால் மாலை லேசாக அதிர்ந்து பூ கழன்று விழும். வலது நுரையீரலில் கத்தினால் வலப்பக்கம், இடது நுரையீரலில் கத்தினால் இடப்பக்கம். சாந்தமான முகமுள்ள நடிகர்கள் எத்தனையோ பேர் முயற்சி செய்து பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே கத்தல் இல்லாதவனுக்கு எப்படிப் பூ விழும்?

தினமும் காலையில் அவனுடைய சிலிர்த்த முடியை விளக்கெண்ணெய் போட்டுப் படியவைத்து, புருவ வளையத்தைக் கழற்றி, விபூதி பூசி மாட்டுவார்கள். 'நெற்றிச்சுட்டி' தொடரில் அவன் கோமளாம்மாவின் கணவன். முதல் பகுதி தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவன். கோமளாம்மா தேர்ந்த நடிகை. அறுநூற்றுப் பன்னிரண்டு நாளாக அவன் முன்னால் நின்று, நாளுக்கொன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சங்கடம் என்னவென்றால், அவர் கேட்டவை எதுவும் பூவால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இல்லை. "ஏங்க, நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றால் எந்தப் பக்கத்துப் பூவைத் தள்ளுவது? அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். சற்குணத்துக்கோ பதில் எல்லாமே தெரியும். பத்திரத்தை மாற்றிவைத்தது யார், பாலில் மருந்து கலந்தது யார் என்று சுவரில் இருப்பவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சொல்ல முடியாத பதில்களை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. சாயங்காலம் ஆறரைக்கு வேப்பேரியில் ஓர் அரங்கத்தில் காதுகுத்து குழுவுக்கு நிகழ்ச்சி. ஏழு வருடம் குடோன்களிலும் மொட்டை மாடிகளிலும் கத்திய பிறகு, நாற்காலி போட்ட அரங்கத்தில் கிடைத்த முதல் மேடை. அதே ஞாயிறுதான் 'நெற்றிச்சுட்டி'யும் 'ஆறாவது வாசல்' தொடரும் சேரும் மகாசங்கமம். இந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வீட்டுப் பையனுக்கும் நிச்சயதார்த்தம். சற்குணம் இந்தத் தொடரில் பெண்ணின் அப்பாவாகவும் அந்தத் தொடரில் பையனின் அண்ணனாகவும் செத்திருந்தான்.

காலையிலேயே டிரம்ஸ் அடிக்கும் மெர்லின் போன் செய்துவிட்டாள்.

"டேய், ஆறரைக்கு மேடை. புதுப் பாட்டு பாடறோம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ வரலேன்னா குழுவக் கலைச்சிட்டு எங்க மாமா பேக்கரியில போய் உக்காந்துடுவேன்."

"மெட்டு இருக்கு, வரி இல்லியே."

"வரிய வுடு. வாய எடுத்துக்கினு வா."

சற்குணம் டைரக்டர் சுகந்தனிடம் போய் அரைநாள் லீவு கேட்டான். சுகந்தன் கெட்டவர் இல்லை. ஆனால் நியாயம் பேசுகிறவர்.

"உயிரோட இருக்கறவங்க லீவு கேட்டாக் குடுத்துடலாம் சற்குணம். செத்தவருக்கு எப்படிங்க லீவு குடுக்கறது?"

சற்குணத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வளசரவாக்கத்துப் படப்பிடிப்பு வீட்டின் கூடத்தில் இரண்டு சட்டங்களும் அருகருகே மாட்டப்பட்டிருந்தன. பெண்ணின் அப்பாவுக்கு மீசை உண்டு, பையனின் அண்ணனுக்கு இல்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தச் சட்டத்துக்குச் சற்குணம் சுவருக்குப் பின்னால் ஓடினான், மீசையை ஒட்டியபடியோ பிய்த்தபடியோ. நாலரை மணி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தட்டு மாற்றுகிற நேரத்தில் கோமளாம்மா வலப்பக்கச் சட்டத்தைப் பார்த்தார். இடப்பக்கச் சட்டத்தைப் பார்த்தார். நடுவில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வீட்லயும் செத்தது ஒரே மனுஷன்" என்றார்.

மாப்பிள்ளையின் தாத்தாவாக நடித்தவர் விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா பொண்ணு, பையனுக்கு அண்ணன் மக ஆகுது. சித்தப்பா முறை. தட்டு மாத்தக் கூடாது."

லைட்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டார்கள். முறை இல்லாத இடத்தில் வெளிச்சம் போட அவர்களுக்கு மனசு வரவில்லை. சுகந்தன் நகத்தைக் கடித்துக்கொண்டு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு துள்ளிக் குதித்தார்.

"அண்ணனா இருந்தாத்தானே சித்தப்பா முறை? அக்கா புருஷனா மாத்திடுவோம். பொண்ணு அக்கா மக ஆயிடும். கட்டிக்கற முறை!"

"பையனுக்கு அக்கா இருக்கா?" என்றார் தாத்தா.

"பழத்தட்டு வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்கதான்."

மூலையில் பழத்தட்டோடு நின்றிருந்த பெண் தலையாட்டினாள். அதுவரை அவளுக்குக் கணவன் என்று யாரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பாத்திரத்தில் மாற்றம் வந்தால் கார்டு போட்டே ஆகவேண்டும் என்பது சேனலின் விதி. உடனே கார்டு தயாரானது. இடதுபக்கம் சற்குணத்தின் முகம், வலதுபக்கம் சற்குணத்தின் முகம், நடுவில் 'இவருக்குப் பதில் இவர்'. அதைக் கேமராவுக்கு முன்னால் ஐந்து விநாடி காட்டினார்கள். கார்டு போட்டால் புது ஆள் வந்துதானே ஆகவேண்டும்? ஐந்து பத்துக்கு கேட்டைத் திறந்துகொண்டு இன்னொரு சற்குணம் வந்தான். தலையில் எண்ணெய் ஏற்கெனவே தடவியிருந்தது. எந்தச் சட்டம் என்று கார்டில் போடவில்லை. அதனால் அவனே இரண்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஏறிக்கொண்டான்.

"வலது நுரையீரல்னா வலது பூ" என்றான் பழைய சற்குணம்.

"தெரியும்" என்றான் புதியவன். "நீ கெளம்பு, மெர்லின் திட்டுவா."

சற்குணம் தெருவுக்கு ஓடிவந்து ஆட்டோவில் பாய்ந்து ஏறினான். சந்தோஷத்தில் கழுத்து மாலையைக் கழற்றவே மறந்துபோனான். அதுவும் நல்லதாகப் போயிற்று. மாலை போட்டவரை ஏற்றிவரும் வண்டி என்று பஸ்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். சிக்னலில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். கோடம்பாக்கம் மேம்பாலத்தை அவ்வளவு வேகமாக உயிருள்ளவர் யாரும் கடந்திருக்க முடியாது.

ஆறு இருபத்தொன்பதுக்கு மேடை ஏறினான். அரங்கம் நிறைந்திருந்தது. மெர்லின் குச்சியைத் தட்டினாள், கிட்டார் அலறியது, சற்குணம் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு நாள் கத்தல் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மெர்லின் மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் பேக்கரி தெரிய ஆரம்பித்தது.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். கோமளாம்மா. நிச்சயதார்த்தப் புடவையைக்கூட மாற்றாமல், அவன் ஆட்டோவுக்குப் பின்னாலேயே இன்னொரு ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"கார்டப் பாத்தேங்க" என்றார். "பதில்னு போட்டிருந்தது. அறுநூத்திப் பன்னெண்டு நாளாக் கேட்டுக்கிட்டு நிக்கறேன். வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏங்க, நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

மெர்லின் அடித்தாள். சற்குணத்தின் தொண்டை திறந்துகொண்டது.

"கையெழுத்துப் போடாத! கொழுந்தன நம்பாத! பால நீ குடிக்காத! சாவியக் குடுக்காத!"

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. 'குடுக்காத, குடுக்காத' என்று நாற்காலிகளைத் தட்டினார்கள். கடைசி நாள் கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு போனான். "மேல் வீட்டக் காலி பண்ணு! மூத்தவள அழைச்சிக்க! நீ மொதல்ல சாப்பிடு!" கோமளாம்மா ஒவ்வொரு பதிலுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது; கிளிசரின் இல்லை. அறுநூற்றுப் பதினொரு பதிலும் நான்கு நிமிடத்தில் முடிந்தன. பங்க் இசையின் வேகம் அப்படி.

மிச்சம் இருந்தது முதல் நாள் கேள்வி. அதை அவர் திரும்பவும் கேட்டார்.

"என்னத் தனியா விட்டுட்டு எப்படிங்க போனீங்க?"

சற்குணம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"போகல! போகல! செவுத்துலயேதான் இருந்தேன்!"

அரங்கமே 'போகல' என்று கத்தியது. மாலையிலிருந்து வலப்பக்கத்துப் பூவொன்று தானாகக் கழன்று மேடையின் விளிம்பில் விழுந்தது. கோமளாம்மா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தட்டு மாற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லி வளசரவாக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு பெண் எழுந்தாள். கையில் பழத்தட்டு இருந்தது. அன்று சாயங்காலம் கார்டு போட்டபோதுதான் அவள் சற்குணத்துக்கு மனைவியாகியிருந்தாள். அதனால் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஏங்க," என்றாள், "நீங்க யாரு?"

மெர்லின் குச்சியைத் தூக்கி எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.