பிடிச்சாச்சு

முதுகெலும்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே கண்ணாடிக்காரருக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. கடை முகப்பு, குளியலறைத் தடுப்பு, சலூன் சுவர் என்று இருபது வருஷம் கண்ணாடி தூக்கியவர். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தார். நிமிர முடியவில்லை. அறுபது கிலோவைத் தூக்கும்போது வராத கேடு ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பும்போது வந்துவிட்டது. முதலில் வந்தது அவமானம்தான். வலி அப்புறம்தான் வந்தது.

இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு முன்பக்கமாக நழுவிவிட்டதாம். அதைக் கீழ் எலும்போடு சேர்த்து, நாலு திருகாணியும் இரண்டு கம்பியும் வைத்து முடுக்கி, நடுவில் எலும்புத் தூளை அடைத்துத் தைத்துவிட்டார்கள்.

"திருகாணி சும்மா தாங்கத்தான். எலும்பு தானா வளர்ந்து பிடிக்கணும். ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை குனியாதீங்க, திரும்பாதீங்க, எதையும் தூக்காதீங்க," என்றார் டாக்டர்.

"இனிமே உங்களைக் காயலான் கடையில போட்டாக்கூட நல்ல விலைக்கு எடுப்பான் மாமா," என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, தொழிலில் இவருக்குக் கூட்டாளி. சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் கண்ணாடிக்காரர் கண்ணால் மட்டும் சிரித்துவைத்தார். அப்போது அவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆறு மாதம் என்ன பெரிய ஆறு மாதம் என்று நினைத்தார்.

ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று, படுத்துக் கிடந்தவனைக் கேட்டால் தெரியும். கட்டிலிலிருந்து எழுவது ஒரு முழு வேலை. தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரளவேண்டும், மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி. பிறகு காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து எழவேண்டும். எழுந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த இடுப்புப் பெல்ட்டை இறுக்கவேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும். அதற்கு இன்னொரு மாத்திரை. இடது பாதத்தில் பாதி மரத்தே கிடந்தது. செருப்பு காலில் இருக்கிறதா, வழியில் கழன்றுவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். எட்டு மணிக்கு மிஷின் முன்னால் இருக்கவேண்டும். அதற்குள் சமைத்து, அவரைக் குளிக்கவைத்து, இடுப்புக்குக் கீழே துடைத்து, கால்சட்டையை மாட்டிவிட்டுப் போவாள். கால்சட்டை மாட்ட அவள் தரையில் உட்காருவாள். அவளுடைய உச்சந்தலையில் நரை எத்தனை என்று அந்த ஆறு மாதத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அவள் ஒரு தரம்கூட முனகவில்லை. முனகியிருந்தால் தேவலை, பதிலுக்கு இவரும் கத்தியிருக்கலாம்.

ஒருநாள் அவள் போனபிறகு சாப்பிடும்போது கரண்டி கீழே விழுந்தது. குனியக்கூடாது. காலால் இழுத்துப் பார்த்தார், அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. சமையலறை பத்தடி தூரம்தான். இன்னொரு கரண்டி எடுத்துவரலாம், கையாலேயேகூடச் சாப்பிடலாம். ஆனால் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சாயங்காலம் அவள் வரும்வரை தட்டை அப்படியே வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார். அவள் கரண்டியை எடுத்துக் கழுவினாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் முதுகு குலுங்கும், குலுங்கினால் வலிக்கும் என்று அதையும் விழுங்கிவிட்டார்.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரிய கண்ணாடியை இரண்டு பேர் நிமிர்த்தி நிறுத்தித்தான் தூக்குவார்கள். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் அவன், "பிடிச்சாச்சா?" என்று கேட்பான். பின்னால் இருப்பவன் ஒரு கையை அடிவிளிம்புக்குக் கீழே கொடுத்து, மறு கையால் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர்க் கைப்பிடியை அழுத்தி, காலை ஊன்றி, எல்லாம் சரியாக இருந்தால் "பிடிச்சாச்சு" என்பான். சொன்ன அந்த நொடியே முன்னவன் தூக்கிவிடுவான், திரும்பிப் பார்க்கமாட்டான். அந்தச் சொல் தப்பாக வந்தால், அடியில் இருக்கிற விரல் போகும்.

இருபது வருஷமாக முன்னால் மைத்துனன், பின்னால் இவர். வீட்டில் அவர் சொல்லாத பொய்யா? விட்டுவிட்டேன் என்று சொல்லிப் புகைத்திருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிக் கட்டிலில் கிடந்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் பொய்யாகச் சொன்னதில்லை. கேட்டவனும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

இவர் படுத்தபிறகு பின்னால் நிற்க ஆள் வேண்டுமே. சுவரில் பசை பூசுகிற ஆள் வந்தான், பட்டப்பெயர் சுருட்டை. முப்பத்தைந்து வயதாகியும் முடி மட்டும் அடங்காதவன். வேலையில் குறையில்லை, வாய்தான் திறக்காது. "பிடிச்சாச்சா?" என்றால் "ம்" என்பான். அந்த "ம்" பிடித்துவிட்டேன் என்கிற "ம்"மா, இரு பிடிக்கிறேன் என்கிற "ம்"மா என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாலாம் மாதம் ஒரு "ம்"மை நம்பித் தூக்கிய மைத்துனன், உள்ளங்கையில் பதினோரு தையலோடு வந்து நின்றான்.

"நீங்க வந்துட்டாப் போதும் மாமா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றான்.

கண்ணாடிக்காரர் அவன் கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய முதுகுக்காக அவன் கை கிழிந்துவிட்டது என்று மனசுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார்.

அந்த நாள் வந்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மைத்துனன் வேனில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக்கொண்டான். உள்ளே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார்.

"இந்த இடைவெளி மூடியிருக்கணும். மூடலை. எலும்பு இன்னும் பிடிக்கலை. இந்தத் திருகாணியைச் சுத்தியும் கொஞ்சம் தளர்வு தெரியுது. இப்ப பாரம் தூக்கினா விட்டுப்போகும், மறுபடி திறக்கவேண்டி வரும். இன்னும் ஆறு மாசம் இப்படியே இருங்க."

"அப்புறம் பிடிச்சிடுமா?"

"பிடிக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். இன்னொரு ஆறு மாதம். இன்னொரு நூற்றெண்பது நாள் அவள் தரையில் உட்காரவேண்டும். அவன் அந்த "ம்"மை நம்பித் தூக்கவேண்டும். அறிக்கையை நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைக்கப்போனவர், என்ன தோன்றியதோ, பெல்ட்டின் உள்மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

வெளியே மைத்துனன் வேனிலிருந்து இறங்கி நின்றிருந்தான். கட்டு அவிழ்த்த கை. தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"என்ன மாமா, பிடிச்சிடுச்சா?"

வேறு யாராக இருந்தாலும் "பிடிச்சிடுச்சு" என்றோ "பரவாயில்லை" என்றோ சொல்லியிருப்பார்கள். அவர் வாயில் பழக்கதோஷத்தில் அந்தச் சொல்தான் வந்தது.

"பிடிச்சாச்சு."

மைத்துனன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. படம் எங்கே, பேப்பர் எங்கே, டாக்டர் வேறென்ன சொன்னார், எதுவும் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் எதையும் கேட்டுப் பழகியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

மனைவி அப்படி இல்லை. வந்ததும் வராததுமாக, "டாக்டர் என்னங்க சொன்னாரு? பேப்பர் குடுத்தாரா?" என்றாள்.

"பிடிச்சாச்சுக்கா. நான் கேட்டுட்டேன்," என்றான் தம்பி.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாள். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தார், திறக்கவில்லை.

திங்கட்கிழமை உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் வேலை. சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. ஒவ்வொன்றும் எட்டடிக்கு ஐந்தடி. மனைவி வழக்கம்போல் கால்சட்டையை மாட்டிவிட உட்கார்ந்தாள். "இன்னியிலேர்ந்து நானே போட்டுக்கிறேன்," என்றார். சுவரில் சாய்ந்து, காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, கால் மணி நேரம் போராடி மாட்டினார். முதுகில் ஏதோ சுரீரென்றது. அவள் நின்று பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதையும் செய்யலாம் என்று அவருக்கு இருந்தது.

வேலையிடத்தில் சுருட்டை சுவரில் பசை பூசிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்து "ம்" என்றான். வணக்கமாக இருக்கவேண்டும்.

வேனின் சாய்வுச் சட்டத்தில் கண்ணாடிகள் வரிசையாக நின்றன. வேனுக்கும் கூடத்துக்கும் நடுவில் மூன்று படி. மைத்துனன் கையுறை போட்டு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் அடிவிளிம்புக்குக் கீழே கொடுத்தான். கண்ணாடிக்காரர் பின்னால் வந்தார். அடியில் கை கொடுக்க முழங்காலை மடக்கியபோது பெல்ட்டுக்குள் பேப்பர் மடங்கிக் கரகரத்தது. மூன்று நாளாக அதை வெளியே எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இடது கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியவில்லை, பார்க்காமல் தெரியவும் இல்லை.

"பிடிச்சாச்சா?"

எதிரே கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வேர்த்து வழிந்த, பயந்துபோன முகம். அப்பால் மைத்துனனின் முதுகு. அவன் எப்போதும்போல் வாசலைப் பார்த்து நின்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவ்வளவு சுலபமாக வந்த சொல், கண்ணாடியைத் தொட்டதும் வரவில்லை.

"மாமா, பிடிச்சாச்சா?"

இருபது வருஷத்தில் அவன் இரண்டாம் தரம் கேட்டது அன்றைக்குத்தான்.

"பிடிக்கலை," என்றார்.

"கையுறை வழுக்குதா? மாத்திக்கிங்க. நான் இருக்கேன்."

"கை இல்ல மாப்ளே. எலும்பு. எலும்பு பிடிக்கலை."

மைத்துனன் கையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தான். கண்ணாடிக்காரர் பெல்ட்டுக்குள்ளிருந்து பேப்பரை உருவிக் கொடுத்தார். வேர்வையில் ஊறி மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தது. அவன் பிரித்தான், அதில் இருந்தது அவனுக்குப் புரியாது. தேதியை மட்டும் பார்த்தான்.

"அன்னிக்கு நான் என்ன கேட்டேன்?"

"பிடிச்சிடுச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மைத்துனன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வேற எந்த வார்த்தையிலயாவது பொய் சொல்லியிருக்கலாமே மாமா," என்றான்.

பிறகு அவரை வேனின் முன்சீட்டில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் மடித்த சாக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் பின்னால் அவன் குரல் கேட்டது.

"பிடிச்சாச்சா?"

கண்ணாடிக்காரரின் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் சுருட்டையின் "ம்" வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உடைகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். காலடிகள் மூன்று படி ஏறின. சத்தம் வரவில்லை. இப்படியே ஆறு தடவை. ஆறு கண்ணாடியும் அவர் இல்லாமலே பத்திரமாக உள்ளே போய்விட்டன. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அடங்கியதும் இனி தனக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி வந்தது.

திரும்பி வரும் வழியில் மைத்துனன் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னது பொய்யாப் போச்சு."

"சொல்றேன்," என்றார்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது, அவள் வந்துவிட்டாள். வேனின் சீட் உயரம். மைத்துனன் சுற்றிவந்து கதவைத் திறந்து, இரண்டு கையாலும் அவரைத் தாங்கிக்கொண்டான். கட்டையை உருட்டுகிற மாதிரி அவர் உடம்போடு திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கதவோரக் கம்பியைப் பற்றினார்.

"பிடிச்சாச்சு. விடு மாப்ளே."

மைத்துனன் விடவில்லை. தலையைச் சாய்த்துக் கம்பியைப் பார்த்தான். அவருடைய ஐந்து விரலும் அதைச் சுற்றி இறுகியிருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் கையை எடுத்தான்.