திங்கட்கிழமை பார்த்த ஓட்டை

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் மற்ற இரண்டும் சுலபம் என்று சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். பெரிய சகலைக்கு இதில் ஒன்பது வருட அனுபவம்.

அவர் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் கண்ணாடி மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு தேய்த்துத் தேய்த்துச் செய்து கொடுப்பார். முடியளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். படகிலும் அதே கதைதான். துறைமுகத்தை ஒட்டிய படகுப் பட்டறையில் இரும்பு முட்டுகளின் மேல் அது நின்றது. முப்பத்தைந்து வயதுப் படகு. நாலு பேர் உள்ளே படுக்கலாம். ஜன்னல்களைக் கழற்றி மாட்டினார். வயர்களை எல்லாம் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார். கதவுக்குப் பன்னிரண்டு கோட்டு வார்னிஷ் அடித்தார். பன்னிரண்டாவது கோட்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"எப்ப தண்ணில எறக்கப் போறீங்க?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில், "அடுத்த வருஷம்." பட்டறையில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. "என்னப்பா, அடுத்த வருஷம் வந்தாச்சா?" என்று கிரேன்காரர் கேட்டால் இவர் வந்துவிட்டாரா என்று பொருள்.

இதெல்லாம் அவரை உறுத்தியதில்லை. உறுத்தியது சின்ன சகலை வந்த பிறகுதான்.

சின்ன சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாய் ஓயாத மனிதர். ஒரு நாள் பெரியவரின் படகைப் பார்க்க வந்தார். ஏணியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணா, இது படகில்ல, நகைக்கடை" என்றார். அடுத்த மாதமே பெரியவர் படகுக்குப் பக்கத்து முட்டில் ஒரு படகை வாங்கி நிறுத்திவிட்டார். இவருடையதைவிட இரண்டு வயது கூட. கூரை ஒழுகல், சுக்கான் ஆட்டம், உள்ளே ஈரத்துணி வாடை. பெரியவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு மனதுக்குள் பத்து வருடம் என்று எழுதிவைத்துக்கொண்டார்.

சின்னவருக்கு ஐந்து மாதம் போதுமாயிருந்தது. கூரையில் ரெசினைப் பூசினார், வழிந்ததை வழித்துப் போட்டார், மேலே பெயிண்ட் அடித்துவிட்டார். திருகு கிடைக்காவிட்டால் பக்கத்து ஆளிடம் வாங்கினார். பக்கத்து ஆள் பெரும்பாலும் பெரியவர்தான். "அண்ணா, நாலு இஞ்ச் திருகு இருக்குமா?" "அண்ணா, அந்த நீல டேப் கொஞ்சம் குடுங்களேன்." அளவுவாரியாகப் பெயர் எழுதி டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தது ஒவ்வொன்றாக அடுத்த படகுக்கு நடந்து போயிற்று.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு.

பெரியவரின் மனைவி அந்தப் படகுக்குப் போக ஆரம்பித்தாள். தங்கைக்கு ஒத்தாசையாம். மெத்தைகளுக்கு உறை தைத்தாள், ஜன்னல் திரை தைத்தாள், அக்காவும் தங்கையும் உள்ளே உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் இவர் படகுவரை கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைமுடியில் வெள்ளைப் பெயிண்டோடு வீட்டுக்கு வந்தாள்.

"தலையில என்ன?"

"இருக்கா இன்னும்? தம்பி ரோலரை ஒரு உதறு உதறினார் பாருங்க, எங்க ரெண்டு பேர் மேலயும் மழை!" சொல்லும்போதே சிரிப்பு பொங்கியது அவளுக்கு.

இவர் படகில் அவள் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறாள். முதல் வருடம், சாப்பாட்டுத் தூக்கோடு. "செருப்பைக் கழட்டு. அங்க தொடாத, வார்னிஷ் காயல. அங்க உக்காராத" என்று இவர் சொன்னது மூன்று வாக்கியம். அவள் தூக்கை வைத்துவிட்டு இறங்கியவள்தான். எட்டு வருடமாக அது இவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போது அந்த முடியில் ஒட்டியிருந்த மிளகளவு பெயிண்டைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடத்தில் தன் படகின் பெயிண்ட் ஒரு பொட்டுகூட அவள் மேல் பட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டார். பட விட்டாரா என்பதை நினைக்கவில்லை.

சனிக்கிழமை சின்னவர் படகு தண்ணீரில் இறங்குவதாக முடிவாயிற்று. அதற்கு முந்தைய திங்கட்கிழமை வேலை முடிந்து பெரியவர் பட்டறைக்குப் போனார். சின்னவர் அங்கே இல்லை. பாசி பிடிக்காமலிருக்க அடியில் அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் காய்ந்து கிடந்தது. பெரியவர் குனிந்து படகின் அடியில் நுழைந்தார். குறை கண்டுபிடிக்கத்தான் போனார், மறைப்பானேன்.

கண்டுபிடித்தார். முன்பக்கத்தில், பெயிண்டுக்கு அடியில், உள்ளங்கையளவில் ஒரு சதுரத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினார். மேளத்தோல் மாதிரி அமுங்கியது.

அது என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு படகுக்கும் அதே இடத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை உண்டு. வேகத்தை அளக்கும் ஒரு சின்னச் சக்கரம் அதில் உட்கார்ந்து தண்ணீரில் சுழலும். சக்கரத்தைக் கழுவ உள்ளிருந்து உருவினால் அந்த ஓட்டைக்கு ஒரு மூடி திருக வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது ஓட்டைக்கு வெளியே டேப் ஒட்டி, வேலை முடிந்ததும் உரிக்க வேண்டும். சின்னவர் டேப்பை ஒட்டியிருக்கிறார், அதன் மேலேயே மூன்று கோட்டு பெயிண்டும் அடித்திருக்கிறார், உரிக்க மறந்திருக்கிறார். சக்கரம் எங்கே என்பதும் தெரியும். முந்தின நாள் மச்சினி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் வினிகரில் அது ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார். உள்ளே மூடியும் போட்டிருக்க மாட்டார். அந்த மனிதர் மூடி இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்.

இத்தனை பெரிய படகைக் கடலிடமிருந்து காக்கப் போவது ஒரு சாண் டேப். அதுவும் இவர் கொடுத்த டேப்.

அன்று இரவே சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது மனைவி, "அவங்க சனிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போறாங்களாம். முதல் ஓட்டத்துக்கு" என்றாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். செவ்வாயன்று சின்னவரே போனில், "அண்ணா, நீங்களும் வாங்க, படகு எப்படிப் போகும்னு நீங்களும் தெரிஞ்சுக்கலாமில்ல" என்று சிரித்தார். புதனும் வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின.

பெரியவர் கொலைகாரர் இல்லை. அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இந்தப் பட்டறையில் படகை இறக்கியதும் கிரேன்காரர் அதைத் தாங்கும் பட்டைகளை உடனே அவிழ்க்க மாட்டார். பத்து நிமிடம் படகு பட்டைகளில் தொங்கியபடியே தண்ணீரில் கிடக்கும். சொந்தக்காரர் உள்ளே போய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். டேப் உடனே பிய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றாகப் பொங்கும், சின்னவர் அலறுவார், கிரேன் தூக்கிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஐந்து மாத அவசரத்தின் லட்சணத்தை ஊரே பார்க்கும், முக்கியமாக அவள் பார்ப்பாள். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

சனிக்கிழமை காலை படகு ஆகாயத்தில் ஆடி ஆடித் தண்ணீரில் இறங்கியது. சின்னவர் உள்ளே குதித்தார். பெரியவர் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம். சின்னவரின் அலறலுக்காக அவர் காது காத்திருந்தது. பத்து நிமிடம் முடிந்து சின்னவர் தலையை நீட்டினார்.

"ஒரு சொட்டு இல்ல! தரையெல்லாம் சும்மா காஞ்சு கெடக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவருக்குக் கை வரவில்லை. அந்த டேப் ஏன் தாங்குகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல டேப். தேடித் தேடி வாங்கியது. மூன்று கோட்டு பெயிண்டும் சேர்ந்துகொண்டதால், அசையாத படகில் அது பத்து நிமிடம் என்ன, அரை மணி நேரமும் நிற்கும். வேகம் எடுத்து, அலை அடியில் அறைய ஆரம்பித்த பிறகுதான் பிய்யும். அப்போது கரை எங்கோ இருக்கும்.

கிரேன்காரர் பட்டையில் கை வைத்தார். இரண்டு மெத்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மனைவி படகில் கால் வைத்துவிட்டாள். இவர் பக்கம் திரும்பி, வருகிறீர்களா என்று தலையை அசைத்தாள்.

"அவுக்காத!" பெரியவரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பட்டையை அவுக்காத! நீ எறங்கு, எறங்கு முதல்ல!"

"என்னாச்சு அண்ணா?"

"முன்னாடி சக்கர ஓட்டை தொறந்து கெடக்கு. வெளிய வெறும் டேப்தான். அது மேல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்க. திங்கட்கிழமை நான் விரலால அமுக்கிப் பாத்தேன்."

நுணுக்கமாகச் சொல்லிப் பழகிய வாய். கிழமையையும் சேர்த்தே சொல்லிவிட்டது.

சின்னவர் முன்கட்டிலின் பலகையைத் தூக்கினார். "ஐயையோ" என்று உள்ளிருந்து ஒரு சத்தம். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "சக்கரம் வீட்ல வினிகர்ல கெடக்கு, அண்ணா! ஜன்னல்ல!"

கிரேன் படகைத் தூக்கியது. பெரியவர் தன் ஏணியில் ஓடி ஏறி, பெயர் எழுதிய டப்பாவிலிருந்து உபரி மூடி ஒன்றை எடுத்து வந்தார். அவரிடம் எல்லாம் இரண்டு இரண்டு உண்டு. டேப்பை உரித்து, மூடியைத் திருகி, ஓட்டையை அடைத்துப் படகை மறுபடி இறக்கினார்கள். சின்னவர் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமையே கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க, என்ன கண்ணு! நீங்க இல்லன்னா இன்னிக்கு மூணு பேரும் போயிருப்போம்." மச்சினி, "அத்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பட்டறை ஆட்கள் முதுகில் தட்டினார்கள். 'அடுத்த வருஷம்' அன்று அரை மணி நேரம் தெய்வமாக இருந்தார்.

மனைவி மட்டும் கிட்டே வரவில்லை. மெத்தைகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. உதடு அசைந்தது அவருக்குத் தெரிந்தது.

சின்னவருக்குச் சந்தோஷம் வந்தால் அடங்காது. "கிரேன் இருக்கு, நாங்க எல்லாரும் இருக்கோம். அண்ணன் படகையும் இன்னிக்கே எறக்கிடலாம்!"

"சாயங்காலம் வரைக்கும் நான் ஃப்ரீதான்" என்றார் கிரேன்காரர்.

"இல்ல, இன்னும் கொஞ்சம் வேலை..." என்று இழுத்தார் பெரியவர்.

"என்ன வேலை?" என்று கேட்டது மனைவி. அந்தப் படகில் வேலை முடிந்து மூன்று வருடமாகிறது.

மத்தியானம் அது தண்ணீரில் இறங்கியது. பட்டைகளில் தொங்கியபடி, இறங்கியதே தெரியாமல் மிதந்தது. கரையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வெயில் பட்டு அந்தக் கதவு தேன் நிறத்தில் மின்னியது. மனைவி செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு ஏறினாள். அவர் பின்னாலேயே போனார். ஒன்பது வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த நேரம் இதுதான் என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. அவள் உள்ளே வருவாள், பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள்.

அவள் அந்தக் கதவைப் பார்க்கவில்லை. படிகளில் இறங்கி நடுவில் நின்று அவரைப் பார்த்தாள்.

"இந்தப் படகுல நீங்க பாத்துட்டு எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கறது ஏதாவது இருக்கா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"சரி. அடியில எத்தனை ஓட்டை?"

"ஏழு. சக்கரத்துக்கு ஒண்ணு, மத்தது தண்ணி போக வர."

அவள் கொக்கியில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்தாள். மண்டியிட்டு முதல் பலகையைத் தூக்கினாள். மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, விரல் காய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு குறையும் இல்லை. இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"அடுத்தது எங்க?" என்றாள்.