இட்லி மேல் ஒரு மிளகு

நோட்டீஸ் எழுதியது கனகலட்சுமிதான், அதில் சந்தேகமே இல்லை. ஒரகடம் போகும் சாலையில் கார் விளக்குக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அவள். 2004 ஜூன் எட்டாம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகிறது, நூற்றிருபத்திரண்டு வருடம் கழித்து வருகிற காட்சி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அழகாக எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். கீழே சிவப்பு மையில், "வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள்!" என்று ஆச்சரியக்குறி வேறு போட்டுத் தொலைத்தாள்.

போதாதா? கேன்டீன் பங்கஜத்துக்கு அது கிரகணமாகிவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் சாம்பார் அண்டாவில் தர்ப்பைப் புல் மிதந்தது. மணிமங்கலத்துக்காரியான அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிடித்திருக்கும்போது சோறு தின்னக்கூடாது. சாயங்காலம் விட்ட பிறகு, தலைமுழுகிவிட்டுத்தான் பரிமாறுவாளாம்.

"முந்நூறு பேர் பசியோட லைன்ல நிக்க முடியாது மேடம்," என்றார் ஆலை மேலாளர். "சோறு போட்டாத்தான் உங்க வேடிக்கை. இல்லைன்னா எல்லாத்தையும் சுருட்டி வெச்சிடுங்க."

கனகலட்சுமிக்கு இது வேடிக்கை இல்லை. எண்பதாம் வருடத்துச் சூரிய கிரகணத்தின்போது அவள் காஞ்சிபுரத்தில் பிசிக்ஸ் முதல் வருட மாணவி. ஒரு மாதமாக நாள் எண்ணிக் காத்திருந்தவளை அம்மா உள்ளே தள்ளி, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, "நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அன்றைக்கு அழுத அழுகை இருபத்துநாலு வருடமாகியும் முழுசாக ஓயவில்லை. இதையும் கோட்டை விட்டால் மனசு ஆறவே ஆறாது.

கேன்டீனுக்கு ஓடினாள். "பங்கஜம், இது கிரகணமே இல்ல. பஞ்சாங்கத்துல போட்டிருக்கா, பாத்தியா?"

"அதாம்மா பயமா கீது! பஞ்சாங்கத்துக்கே தெரியாம வந்துகினு கீதே, அது இன்னா மாரி பாம்போ! நீங்களே நோட்டீஸ் ஒட்டிட்டு நீங்களே சோறு போடச் சொன்னா எப்டி?"

கனகலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு மரியாதையும் வந்தது. எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே நாழிகைக் கணக்குப் போட்டு வைத்தவர்கள் நம் ஆட்கள். அந்தக் கணக்கை நம்பித்தானே இவள் தர்ப்பை போடுகிறாள்! ஆகவே வாக்குவாதம் செய்யவில்லை. தட்டில் சோற்றையும் சாம்பாரையும் தானே போட்டுக்கொண்டு வெட்டவெளிக்குப் போனாள். உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பாட்டுக்கு வந்து நின்ற அத்தனை பேரும் பார்க்க, நின்றபடியே ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, மறுசோறு கேட்டு வந்தாள்.

"தோ பார்றா, மறுசோறு வேற!" பங்கஜம் சிரித்தே விட்டாள். அவ்வளவுதான். தர்ப்பையை எடுத்து எறிந்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தாள்.

சாப்பிட்ட கையோடு வரிசை நீண்டது. வெல்டிங் பிரிவிலிருந்து வாங்கிய பதினாலாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி கைமாறிக்கொண்டே போனது. "டேய், சூரியனுக்கு மச்சம்டா!" என்று ஒருத்தன் கத்தினான். கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிச் சொல்லியே கனகலட்சுமிக்குத் தொண்டை வறண்டது.

அப்போதுதான் பாண்டிச்செல்வி வந்து நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், சோதனைப் பிரிவில் வேலை, ஆறு மாதக் கர்ப்பம். கலகலவென்றிருந்த வரிசை கப்சிப்பென்று ஆனது.

"நீ உள்ள போம்மா, வேண்டாம்," என்றாள் கனகலட்சுமி.

"ஏன்க்கா? ஒண்ணும் செய்யாதுன்னு காலையில இருந்து நீங்கதான சொல்லுதீக."

"செய்யாதுதான். ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அம்மாவின் அதே வார்த்தை, அதே குரல். இத்தனை படித்து என்ன பிரயோஜனம்! வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான் பதில் சொல்லிக்கிடுதேன்க்கா," என்றாள் பாண்டிச்செல்வி சர்வசாதாரணமாக. "எம் பிள்ளைதான?"

கனகலட்சுமி கண்ணாடியை அவள் கையில் கொடுத்தாள். அண்ணாந்து பார்க்கும்போது தலைசுற்றி விழுந்துவிடப் போகிறாளே என்று பங்கஜம் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாத்தே! இட்லி மேல மொளகு வச்ச மாதிரில்லா இருக்கு! அடுத்து எப்பக்கா வரும்?"

"எட்டு வருஷம் கழிச்சு ஒரு தடவை. அதை விட்டா நூறு வருஷத்துக்கு மேல ஆகும்."

"அப்ப பிள்ளையவும் கூட்டிட்டு வாரேன். ஏழு வயசு ஆயிருக்கும்லா." கண்ணாடியை நீட்டியவள் கேட்டாள்: "நீங்க பாத்துட்டீகளாக்கா?"

கனகலட்சுமி திருதிருவென்று விழித்தாள். காலையிலிருந்து அவள் மேலாளரையும் அண்டாவையும் வரிசையையும்தான் பார்த்திருந்தாள்.

"அய்ய, மேடம் இன்னும் பாக்கலியாம்! வயி வுடுங்கப்பா!" என்று பங்கஜம் கூவினாள். இன்னும் பார்க்காத நாற்பது பேர் முகம் சுளிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"அழுதா மொளகு தெரியாதுக்கா," என்றாள் பாண்டிச்செல்வி. "கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க."